அங்கே எத்தனை வாத்தியார், இங்கே எத்தனை வாத்தியார்

கல்லூரி ஆசிரியர் வேலையில் பாடம் நடத்துவது பாதிதான். நடத்துகிறோம் என்று காகிதத்தில் நிரூபிப்பது மறு பாதி. வெளியே இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கழுத்தில் ஐ.டி. கார்டும், ஒரு கையில் அட்டெண்டன்ஸும், மறு கையில் ஏதோ ஒரு கமிட்டியின் ஃபைலுமாக மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் உங்களுக்குச் சிரிப்பு வராது. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பதினாறு வருஷமாகக் கணக்கு எடுக்கிறேன். வீடு குன்றத்தூரில். கல்லூரி, ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே. இரண்டு பக்கமும் தொழிற்சாலை மதில், நடுவில் நாங்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம். ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். ஒரு மாதத்துக்குள் நடந்து முடிந்த விஷயம் இது.

ஒரே ஒரு ஸ்லைடு

ஒரு திங்கட்கிழமை பிரின்சிபால் கூப்பிட்டார். கொரியாவிலிருந்து ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்காரர்கள் நம் கல்லூரியைப் பார்க்க வருகிறார்கள் என்றார். எங்கள் சாலையில் கொரியாக்காரர்களின் தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கின்றன. அந்தக் கல்லூரியோடு ஒப்பந்தம் ஆனால் எங்களுக்குப் புது லேப் வரும், கடைசி வருஷப் பசங்களுக்குத் தொழிற்சாலைக்குள்ளேயே பயிற்சி கிடைக்கும். மதிலுக்கு இந்தப் பக்கம் படித்துவிட்டு அந்தப் பக்கம் போக முடியாமல் நிற்கிற பசங்களுக்கு அது பெரிய கதவு. எனவே நானும் ஆசையோடுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஆரம்பத்துல ஒரு ஸ்லைடு வேணும் மேடம். இந்தியாவுல காலேஜ் வாத்தியாருங்க எத்தனை பேர், கொரியாவுல எத்தனை பேர். நம்ம நாடு எவ்வளவு பெருசுன்னு அவங்களுக்குத் தெரியணும்" என்றார்.

இரண்டு நாட்டு அரசாங்கப் புள்ளிவிவரப் பக்கங்களையும் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் மாரடித்தேன். அங்கே முழுநேர ஆசிரியர் தனி, பகுதிநேரம் தனி. இங்கே பாலிடெக்னிக்கைச் சேர்ப்பதா, கௌரவ விரிவுரையாளரைச் சேர்ப்பதா? சேர்த்தால் ஒரு எண், விட்டால் இன்னொரு எண். எப்படிக் கூட்டினாலும் நம் நாட்டுப் பட்டைதான் ஓங்கி நின்றது. ஆனால் மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தபோது அந்த உயரம் காணாமல் போனது. அதையும் ஓரமாக ஒரு பட்டையாகப் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு சொன்னார்: "மேடம், எண்ணிக்கை மட்டும் போதும். வகுத்தல் எல்லாம் உங்க கிளாஸ்லயே இருக்கட்டும்."

எந்த நேரத்தில் எண்ணுவது

ஸ்டாஃப் ரூமில் வந்து புலம்பினேன். எதிர் மேஜையில் ஜெபராஜ் சார். மெக்கானிக்கல்காரர், திருநெல்வேலிப் பக்கம். ஒரகடத்தில் வாடகை ரூமில் இன்னும் இரண்டு பேரோடு தங்கியிருக்கிறார். "கொரியாவில் பகுதிநேர ஆசிரியரைத் தனியாக எண்ணுகிறார்கள் சார், நமக்குத்தான் யாரை எண்ணுவது என்றே தெரியவில்லை" என்றேன். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

அந்த வாரம் அவர் நிலைமை எனக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் நின்று பசங்களை எண்ணி பஸ்ஸில் ஏற்ற வேண்டும். முதல் பீரியட் வொர்க்ஷாப். மதியம், வேலையை விட்டுப்போன இன்னொருவருடைய வகுப்பும் இவர் தலையில். அதற்குப் பிறகு ப்ளஸ் டூ முடித்த பசங்களின் வீடுகளுக்கு போன் போட்டு, எங்கள் கல்லூரியில் சேருங்கள் என்று கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை போன் என்று இலக்கு உண்டு. சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "காலைல நான் கண்டக்டரு, மத்தியானம் ரெண்டு ஆளு, சாயந்தரம் போன் பேசுத பிள்ள. இதுல வாத்தியார எந்த நேரத்துல வந்து எண்ணுவீய மேடம்?"

திரும்பி வந்த கடிதம்

ஸ்லைடை அனுப்பிய மூன்றாம் நாள் அங்கிருந்து பதில் வந்தது. மரியாதையான கடிதம். நாட்டுக் கணக்கு எங்களிடமும் இருக்கிறது, நன்றி. உங்கள் கல்லூரியின் ஆசிரியர் பட்டியல் வேண்டும், யார் எந்தப் பாடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம். வருகிற அன்று துறை துறையாக உட்கார்ந்து எல்லா ஆசிரியர்களையும் சந்திக்க விரும்புகிறோம். கடைசி வரியைப் படித்ததும் பிரின்சிபால் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஏன் சாத்துகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஆபீஸ் கொடுத்த பட்டியலை வாங்கிக்கொண்டு வந்தேன். அதில் இந்த வருகைக்கு ஒருங்கிணைப்பாளர் என்று என் பெயர் அச்சாகியிருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம். கணிதத் துறை ஏழு பேர் என்று இருந்தது. நாங்கள் இருந்தது நாலு பேர். தப்பாக டைப் ஆகியிருக்கும் என்று பெயர்களைப் படித்தேன். ஐந்தாவது பெயர் சுகந்தி. இரண்டு வருஷம் முன்னால் வேலையை விட்டு அனுப்பியபோது, என் கண்ணெதிரில் மேஜையைக் காலி செய்துகொண்டு போனவள். ஆறாவது ராமநாதன், ஏழாவது ஒரு பெண் பெயர். இருவரையும் நான் பார்த்ததே இல்லை. மூவருக்கும் வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு போட்டிருந்தது. மற்ற துறைகளைப் புரட்டினேன். அங்கேயும் அப்படித்தான். அங்கீகாரம் தருகிறவர்களுக்கு ஆள் இருப்பதாகக் காட்ட நிரப்பிய பட்டியல் அது. ஆபீஸ் சூப்பரின்டெண்டிடம் போய்க் கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பட்டியல்ல இருக்கறவங்க எல்லாம் இருக்கறவங்கதான் மேடம். நம்ம காலேஜ்ல இல்ல, அவ்ளோதான்."

ஷேர் ஆட்டோ நிறுத்தத்தில்

சுகந்தியை எப்படியாவது ஒரு நாளைக்கு வரச்சொல்லுங்கள், புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் போதும் என்று பிரின்சிபால் என்னிடமே சொன்னார். மறுக்கத் தெரியாமல் சரி என்று தலையாட்டிவிட்டேன். அவள் ஒரகடத்தில் கார் விளக்கு செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறாள். பகல் மூன்று மணிக்கு ஷிப்ட் விடும். சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். நீலச் சட்டைக் கூட்டத்தில் அவளே என்னைக் கண்டுபிடித்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மெலிந்திருந்தாள். எங்கள் துறையிலேயே எல்லாருக்கும் புரியும்படி பாடம் நடத்தியவள் அவள்தான்.

விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. தன் பெயர் இன்னும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. கையை மெதுவாக விட்டாள். ஒரு ஆட்டோ நிரம்பிக் கிளம்பியது, அவள் ஏறவில்லை. அடுத்ததும் நிரம்பியது. பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "ஒரு நாள் வாத்தியாரா வரணும்னா நான் ஷிப்ட் மாத்தணும் மேடம். வாத்தியாராவே இருந்துடறேன்னு நான் அங்க அழுதப்போ, எனக்காக யாரும் ஒண்ணும் மாத்தலையே."

பத்திரமாக இருக்கிறது

மறுநாள், பட்டியலில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பிரின்சிபாலிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பாவமாகப் பார்த்தார். "தாளாளர் ஐயாகிட்டயே சொல்லிடுங்க" என்றார். தாளாளர் என்றால் எங்களுக்குக் கல்லூரியே அவர்தான். வருஷத்தில் ஒருமுறை விழா மேடையில் பார்ப்போம். அவர் அறைக்குள் நான் போனது, வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். என் பெண் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார். பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். அவர் கையமர்த்திவிட்டு, மணியடித்து சூப்பரின்டெண்டைக் கூப்பிட்டு, சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியைத் திறக்கச் சொன்னார். அதில் எங்கள் எல்லாருடைய சான்றிதழ்களும் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து டாக்டர் பட்டம் வரை, அசல். வேலைக்குச் சேரும்போது வாங்கிக்கொள்வார்கள்; அவர்களாகத் திருப்பித் தந்தால்தான் வேறு இடத்தில் சேர முடியும். உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். என் கவரை எடுத்துத் தூசி தட்டி, பெயரைப் படித்து, திரும்ப உள்ளே வைத்தார். அலமாரியைப் பூட்டச் சொல்லிவிட்டுப் புன்னகையோடு சொன்னார்: "உங்க ஒரிஜினல் எல்லாம் பத்திரமா இருக்கும்மா. நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க."

ராமநாதன் சார்

கையெழுத்துப் போட்டேன். மறைத்துப் பயனில்லை. இரண்டு நாள் கழித்து, பட்டியலில் மட்டும் இருக்கும் ஆசிரியர்களாக நடிக்க ஆட்கள் வந்தார்கள், ஒரு வேன் நிறைய. எங்கள் துறைக்கு மூன்று பேர். அவர்களைத் தயார்செய்கிற பொறுப்பும் எனக்கே வந்தது. அதில் ஒருவருடைய ஐ.டி. கார்டில் அவர் படமும் ராமநாதன் என்ற பெயரும் இருந்தன. நிஜப் பெயர் முத்துக்குமார், சிவகங்கைக்காரர். ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை, பென்னலூரில் நாலு பேரோடு ரூம்.

கேள்வி கேட்டால் சமாளிக்க நாலு வரி சொல்லிக்கொடுக்கலாம் என்று, எந்தப் பாடம் தெரியும் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு எழுந்து போய் சாக்பீஸை எடுத்தார். லாப்லாஸ் உருமாற்றத்தை, ஒரு படி விடாமல், ஏன் எதற்கு என்று சொல்லிச் சொல்லிப் போட்டார். பசங்க எப்போதும் தடுக்கிவிழுகிற இடத்தில் தானாகவே நின்று, அதை வேறு விதமாக இன்னொரு முறை விளக்கினார். எம்.ஃபில். முடித்து, விரிவுரையாளர் தகுதித் தேர்வும் தேறியிருக்கிறாராம். கையைத் தட்டிச் சுண்ணாம்புத் தூளை உதறிக்கொண்டே அவர் கேட்டார்: "ஒரு நாள் நடிப்புன்னுதான் கூட்டியாந்தாய்ங்க மேடம். இந்த எடம் நெசமாவே காலியாத்தான் கெடக்கா?"

பஸ்ஸுக்கு நின்றபோது

கொரியாக்காரர்கள் வரும் நாள். காலையில் குன்றத்தூரில் கல்லூரி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரரும் தன் கம்பெனி வண்டிக்காக அங்கேதான் நிற்பார். கார் சீட் செய்யும் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். இத்தனை நாளும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. "இன்னா ஆச்சு உனக்கு? நாலு நாளா மூஞ்சே சரியில்ல" என்றார். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். அலமாரி, கையெழுத்து, முத்துக்குமார் எல்லாம். அவர் வண்டி வந்தது. போங்க, அப்புறம் வருகிறேன் என்று டிரைவருக்குக் கைகாட்டி அனுப்பிவிட்டார். பத்து வருஷத்தில் அவர் வண்டியைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

என்ன செய்யச் சொல்கிறாரோ என்று காத்திருந்தேன். செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. எங்கள் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. என் பையை எடுத்துக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "எங்க லைன்ல, ஆளே இல்லாத எடத்துல ஆள் கீறான்னு எழுதி வுட்டா, போற சீட்டுல ஒரு போல்ட்டு இருக்காது. உங்க லைன்ல இன்னா இல்லாம போவுதுன்னு நீயே ரோசனை பண்ணிக்கோ."

நாலு

வந்தவர்கள் மூன்று பேர். முக்கியமானவர் ஒரு வயதான பேராசிரியர்; சட்டைப்பையில் சின்ன நோட்டுப் புத்தகம். அவர்களுக்கு மொழிபெயர்ப்பு செய்ய வந்தவள் ரெபேக்கா, பென்னலூர்ப் பெண். கொரியத் தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்து, காதால் கேட்டே மொழியைப் பிடித்துக்கொண்டு, இப்போது முழுநேரமும் மொழிபெயர்ப்பு வேலையாகவே இருப்பவள். பேராசிரியர் துறை துறையாக உட்கார்ந்தார். எல்லாரிடமும் ஒரே கேள்வி: நேற்று எந்த வகுப்புக்குப் பாடம் எடுத்தீர்கள், எந்தப் பையன் என்ன கேட்டான்? முதல் பாதிக்கு எல்லாரையும் தயார்செய்திருந்தோம். இரண்டாம் பாதியை யாரும் எதிர்பார்க்கவில்லை. மெக்கானிக்கலில் இரண்டு பேர் திணறியதை ஜெபராஜ் சார் ஏதோ பேசிச் சமாளித்தார். பிரின்சிபால் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் முறை. ஏழு நாற்காலியில் ஏழு பேர். பேராசிரியர் முத்துக்குமாரிடமே முதலில் கேட்டார். நேற்று அவர் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொடுத்த பதில் ஒரு வரிதான். அவர் வாயைத் திறந்தார், வரவில்லை. என்னைப் பார்த்தார். நன்றாகக் கணக்குத் தெரிந்த ஒரு மனிதரை, இன்னொருவர் பெயரைக் கழுத்தில் மாட்டிவிட்டுப் பொய் சொல்லவைத்து உட்காரவைத்திருக்கிறேன் என்று அந்தப் பார்வையில்தான் எனக்கு உறைத்தது. எழுந்துவிட்டேன். "கணிதத் துறையில் ஆசிரியர்கள் நாலு பேர்" என்று தமிழில் சொன்னேன். கதவருகில் நின்ற தாளாளர் அசையவில்லை. ரெபேக்கா ஏழு நாற்காலிகளையும் ஒருமுறை பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்: "நாலுன்னு சொல்லிடவா மேடம்? நான் சொல்லிட்டேன்னா அப்புறம் அது நாலுதான்."

பேராசிரியர் கேட்டது

சொல்லச் சொன்னேன். சொன்னாள். பேராசிரியர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். மற்ற மூன்று பேர் யார் என்று கேட்டார். "இந்த வேலைக்குப் படித்தவர்கள். இந்த வேலை கிடைக்காதவர்கள். இடம் காலியாகத்தான் இருக்கிறது" என்றேன். முத்துக்குமார் கழுத்திலிருந்த கார்டைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். பேராசிரியர் கோபித்துக்கொண்டு எழுந்துபோவார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்தபடியே ரெபேக்காவிடம் நெடுநேரம் பேசினார், தலையைக் குனிந்துகொண்டு. குரல் கோபம் போலவே இல்லை. தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்கிற மாதிரி இருந்தது.

ரெபேக்கா இடையிடையே தலையாட்டிக்கொண்டு கேட்டாள். அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் அதுவரை புத்தகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவளுக்கு, கடைசியில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "சார் இன்னா சொல்றாருன்னா, அவங்க காலேஜ்ல வாத்தியாருங்க கீறாங்களாம், வந்து சேர்றதுக்குப் பசங்கதான் வருசா வருசம் கொறைஞ்சிகினே போறாங்களாம். இங்க இத்தினி பசங்கள வெச்சிகினு வாத்தியாருக்கு ஏன் வேசம் போட்டு இட்டாரீங்கன்னு கேக்கறாரு."

விளக்கம் தருக

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் போய்விட்டார்கள். அடுத்த இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. கடைசி வருஷப் பையன் ஒருவன் நேராகவே கேட்டான், உங்களால்தான் பயிற்சி போய்விட்டதாமே என்று. மூன்றாம் நாள் மெமோ வந்தது. கையெழுத்திட்ட பட்டியலில் ஏழு, விருந்தினர் முன் வாய்மொழியில் நாலு. இந்த முரண்பாட்டுக்கு எழுத்துமூலம் விளக்கம் தருக. "வாய்மொழியே சரி. கையெழுத்துத் தவறு. கையெழுத்து வாங்கப்பட்ட சூழ்நிலையை நேரில் விளக்கத் தயார்" என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டேன். மேஜையில் இருந்த டப்பா, குடை, செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருந்தேன்.

அன்று மதியம் ஜெபராஜ் சார் வந்து, எழுந்து வாங்க என்றார். ஸ்டாஃப் ரூம் வாசலில் பதினோரு பேர் நின்றார்கள். நேற்றுவரை என்னோடு பேசாதவர்களும் அதில் இருந்தார்கள். கூட்டமாக ஆபீசுக்குப் போய், எங்கள் அசல் சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்டோம். எதற்கு என்று கேட்டார் சூப்பரின்டெண்ட். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதை யாரும் யோசித்து வரவில்லை. ஜெபராஜ் சார்தான் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "எங்க பேரு எந்தெந்தக் காலேஜ் பட்டியல்ல இருக்குன்னு நாங்க போய்ப் பாக்கணும் சார். கையில ஒரிஜினல் இருந்தாத்தான் நாங்கதான் நாங்கன்னு நம்புவாவ."

முதல் வகுப்பு

சான்றிதழ்கள் மூன்று நாளில் கைக்கு வந்தன. பிறகு எதிர்பாராத ஒன்று நடந்தது. கொரியாவிலிருந்து இன்னொரு கடிதம். பேராசிரியர் எழுதியிருந்தார்: காலியிடங்களைக் காலி என்றே குறித்து ஒரு பட்டியல் அனுப்புங்கள், அவற்றில் எத்தனை நிரம்புகின்றன என்று ஆறு மாதம் பார்க்கிறோம், அதுவரை ஒரே ஒரு பிரிவுக்கு மட்டும் பயிற்சி தருகிறோம். முழுக் கதவு இல்லை, பாதிதான். ஆனாலும் தாளாளருக்கு அது வேண்டியிருந்தது. எனவே அவர்கள் முன்னால் உண்மையைச் சொன்ன என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. எல்லாக் கமிட்டியிலிருந்தும் எடுத்துவிட்டு பஸ் டூட்டி போட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் வேறொருவர். சுகந்தியின் பெயரை எடுத்துவிட்டார்கள். போன் செய்து சொன்னேன், 'ம்' என்றாள். திரும்பி வருகிறாயா என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியாததால் கேட்கவில்லை.

மூன்று காலியிடத்தில் ஒன்றுதான் இதுவரை நிரம்பியிருக்கிறது. முத்துக்குமார் சேர்ந்தார், சொந்தப் பெயரில். முதல் நாள் இரண்டாம் ஆண்டு பி பிரிவு. அந்தப் பிரிவில் அதற்குமுன் இரண்டு மாதமாக யாரும் ஒழுங்காகக் கணக்கு எடுத்ததில்லை. வகுப்பு முடிகிற நேரத்துக்கு நான் வராண்டாவில் வேலை இருப்பதுபோல் நின்றுகொண்டிருந்தேன். அவர் வெளியே வந்தார். சட்டைக் கை, மீசை எல்லாம் சுண்ணாம்பு. முகம் சிரிக்கிறதா அழுகிறதா என்று சொல்ல முடியவில்லை. என் எதிரில் வந்து நின்று சொன்னார்: "அறுவது பேரு ஒக்காந்திருந்தாய்ங்க மேடம். ஒருத்தன்கூட, நீ நெச வாத்தியாரான்னு கேக்கல."

உண்மையைச் சொன்னதற்கு ஒரே மாதத்தில் ஒரு மெமோவும் பின்னாலேயே ஒரு சக ஆசிரியரும் கிடைத்தவள் என்ற முறையில் உங்களுக்குச் சொல்கிறேன், மெமோ ஃபைலுக்குள் போய்விடும், சக ஆசிரியர் மட்டும் தினமும் வந்து உங்கள் சாக்பீஸைக் கடன் வாங்குவார்.